கன்வேயர் ஐட்லர் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், தக்கலை, ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் கிரஷருக்கும் செங்கல் சூளைக்கும் கன்வேயர் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. ஜூன் மழை தொடங்கி இரண்டு வாரம் ஆனால் போன் நிற்காது. ரோலர் கத்துகிறது, பேரிங் போய்விட்டது, பெல்ட் ஓரம் கிழிகிறது, இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும். போனில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை எல்லாம் கணக்கோடு ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும், கால்குலேட்டர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

ஐட்லர், ரோலர் இரண்டும் ஒன்றா?

பேச்சில் ஒன்றுதான். கணக்கு போடும்போது மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். சுற்றுகிற குழாய், அதற்குள் ஷாஃப்ட், இரண்டு பேரிங், சீல் எல்லாம் சேர்ந்தது ரோலர். மூன்று ரோலரும் அவற்றைத் தாங்கும் ஸ்டாண்டும் சேர்ந்தது ஒரு ஐட்லர் செட். மேலே சரக்கைச் சுமப்பது கேரியிங், கீழே வெறும் பெல்ட்டைத் தாங்குவது ரிட்டர்ன்.

கணக்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு மீட்டர் பெல்ட் மேல் எத்தனை கிலோ இருக்கிறது என்பதிலிருந்து. நம்ம ஊர் கிரஷரில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒரு கன்வேயரையே எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இதே உதாரணம்தான். பெல்ட் அகலம் 800 மி.மீ., வேகம் நொடிக்கு 1.6 மீட்டர், மணிக்கு 200 டன் ஜல்லி, நீளம் 60 மீட்டர், ஏற்றம் 15 மீட்டர், கேரியிங் செட் 1.2 மீட்டருக்கு ஒன்று, ரிட்டர்ன் 3 மீட்டருக்கு ஒன்று.

மணிக்கு எத்தனை டன் என்பதை 3.6-ஆலும் வேகத்தாலும் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 200 ÷ (3.6 × 1.6) = 34.7 கிலோ. பெல்ட்டின் சொந்த எடை மீட்டருக்கு 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் பெல்ட்டை ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது). ஆக 44.7 கிலோ. ஒரு செட் 1.2 மீட்டரைத் தாங்குகிறது, அப்போ 53.7 கிலோ, 9.81-ஆல் பெருக்கினால் 526 நியூட்டன்.

இந்த 200 டன்னுக்கு 800 அகலம் தாராளம்தான், பெல்ட் பாதி கூட நிரம்பாது. ஆனால் கிரஷரிலிருந்து கல் ஒரே சீராக வராது, திடீரென்று குவிந்து வரும். அதனால் அந்தத் தாராளம் தேவை, குறைக்கச் சொல்ல மாட்டேன். குவிந்து வரும் நேரத்தில் எவ்வளவு வரும் என்று உங்களுக்குத் தெரிந்தால் 200-க்குப் பதில் அந்த எண்ணைப் போடுங்கள்.

மூன்று ரோலரும் சமமாகத்தானே சுமக்கும்?

இல்லை. பெல்ட் தொட்டி மாதிரி குழிய ஓர ரோலர் இரண்டையும் மேல்நோக்கிச் சாய்த்திருப்பார்கள். அந்தச் சாய்வு 35 டிகிரி என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நடு ரோலர் தலையில்தான் விழும். 526-இல் மூன்றில் இரண்டு 351 நியூட்டன். அதிர்ச்சி, தூசி, நாள் முழுக்க ஓட்டம், இதற்கெல்லாம் சேர்த்து 1.3 மடங்கு வைத்தால் 456. ரோலர் சுற்றும்போது அதன் குழாயின் எடையையும் அதே பேரிங்தான் சுமக்கிறது, 5 கிலோ என்றால் 49 நியூட்டன். மொத்தம் 505. பேரிங் இரண்டு, ஆளுக்கு சுமார் 250 நியூட்டன். இந்த 250-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, பேரிங் எத்தனை வருஷம் வரும் என்று கணக்கு போட முடியுமா?

முடியும். கணக்கு தரும் விடையைப் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

முதலில் சுற்று வேகம். ரோலர் வெளிவிட்டம் 114.3 மி.மீ. என்றால், 60 × 1.6 ÷ (3.14 × 0.1143), நிமிடத்துக்கு 267 சுற்று. நிமிடத்துக்கு 600 சுற்றுக்குள் இருக்கட்டும் என்பது தொழிலில் பொதுவான வரம்பு, அதற்கு நாம் ரொம்பக் கீழே இருக்கிறோம். அடுத்தது இந்த ரோலரில் இருக்கும் 6204 பேரிங்கின் (20 மி.மீ. ஷாஃப்ட்டுக்கான பேரிங்கின் எண் அது) இயங்கு சுமைத் திறன், 12.7 கிலோநியூட்டன் அளவு, கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பால் பேரிங்குக்கு, திறனைச் சுமையால் வகுத்து, வந்ததை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் எத்தனை மில்லியன் சுற்று என்று கிடைக்கும். 12,700 ÷ 250 = 50.8. அதன் கனம் ஏறக்குறைய 1,31,000. அதாவது 1,31,000 மில்லியன் சுற்று. மணிக்கு 16,000 சுற்று என்று வகுத்தால் 80 லட்சம் மணி நேரத்துக்கு மேல். இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் 900 வருஷம். எல்10 ஆயுள் என்று சொல்வது இதைத்தான். நூறு பேரிங்கில் தொண்ணூறு அதுவரை உலோகச் சோர்வால் உடையாமல் நிற்கும் என்று பொருள்.

சரி, அப்படியானால் உங்கள் யார்டில் எட்டு மாதத்தில் ஏன் போகிறது? இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். பேரிங் போனதும் "சுமை தாங்கவில்லை, பெரிய பேரிங் போடு" என்கிறார்கள். சுமையால் அது போகவே இல்லை. போன பேரிங்கை வெட்டித் திறந்து பாருங்கள், நான் நூற்றுக்கு மேல் திறந்து பார்த்திருக்கிறேன். கிரீஸ் சாம்பல் நிறக் களிம்பாக இருக்கும், விரலில் தேய்த்தால் நறநறவென்று கல் தூள். மழைக்காலம் முடிந்த கையோடு திறந்தால் பழுப்பு நிறத் துருத் தண்ணீர். இரண்டில் ஒன்று நிச்சயம். 900 வருஷக் கணக்கு சுத்தமான கிரீஸும் நேரான ஷாஃப்ட்டும் இருப்பதாக எடுத்துக்கொண்டு போட்டது. தூசியும் தண்ணீரும் உள்ளே போன பிறகு அந்தச் சூத்திரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் ஆரம்பித்து டிசம்பர் வரை நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு நனைந்துகொண்டே இருக்கும். கடற்கரைக்குப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேரும். வறண்ட ஊரில் மூன்று வருஷம் ஓடும் அதே ரோலர் இங்கே முதல் மழையிலேயே கத்துவதற்குக் காரணம் இதுதான். ஆகவே ரோலர் வாங்கும்போது பேரிங் என்ன பிராண்ட் என்று கேட்பதற்கு முன் சீல் எப்படி என்று கேளுங்கள். வளைந்து வளைந்து போகும் லேபிரிந்த் சீல், அதன் இடுக்கில் நிறைய கிரீஸ், வெளியே மழையைத் தள்ளிவிடும் ஒரு மூடி, இது மூன்றும் வேண்டும். வெறும் ரப்பர் வளையம் ஒன்றை ஒட்டி விற்பதை வாங்காதீர்கள், ரோலருக்கு நூறு இருநூறு ரூபாய் குறைந்தாலும் சரி.

6204-க்குப் பதில் 6205 போட்டால் நல்லது என்கிறார்களே?

சில இடத்தில் நல்லதுதான், ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. 6205 போட்டால் ஷாஃப்ட் 20-இலிருந்து 25 மி.மீ. ஆகும். ஆதாயம் அந்த ஷாஃப்ட்டில் இருக்கிறது.

சுமை விழும்போது ஷாஃப்ட் லேசாக வளையும். வளைந்தால் பேரிங்கின் உள்வளையம் சாயும், வெளிவளையம் சாயாது. டிகிரியை 60 ஆகப் பிரித்தால் வருகிற நிமிடக் கணக்கில், சாதாரண டீப் குரூவ் பால் பேரிங் 2 முதல் 10 நிமிடம் வரைதான் இந்தச் சாய்வைத் தாங்கும். உள்ளே இடைவெளி கூடுதலாக உள்ள சி3 வகை அந்த வரம்பின் மேல் பக்கம் வரை போகும், அதனால்தான் ரோலருக்கு சி3 கேட்கிறோம். சாய்வு கூடினால் குண்டுகள் பாதையின் ஓரத்தில் ஏறி ஓடும், சீலின் இடுக்கும் ஒரு பக்கம் திறந்துகொள்ளும். அப்புறம் தூசிக்கு வழி கிடைத்துவிடும்.

சாய்வுக்கான சூத்திரம் சின்னதுதான், நீளமெல்லாம் மி.மீ.யிலும் சுமை நியூட்டனிலும் போடுங்கள். பேரிங் சுமையை, ஸ்டாண்ட் தாங்கும் இடத்திலிருந்து பேரிங் நடு வரை உள்ள தூரத்தால் பெருக்கி, அதை இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள்ள தூரத்தால் பெருக்குங்கள். பிறகு 2 × எஃகின் நெகிழ்வு எண் (2,06,000) × ஷாஃப்ட்டின் நிலைமத் திருப்புமையால் வகுக்கவும். வரும் விடையை 3,438-ஆல் பெருக்கினால் நிமிடம். நிலைமத் திருப்புமை என்பது 3.14 × விட்டத்தின் நான்காம் அடுக்கு ÷ 64. அது 20 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 7,854, 25 மி.மீ.க்கு 19,175.

நம் உதாரணத்தில் நடு ரோலர் 315 மி.மீ. நீளம். பேரிங் இடைவெளி 280, ஸ்டாண்டிலிருந்து பேரிங் 25 மி.மீ. என்று வைத்தால் 20 மி.மீ. ஷாஃப்ட்டில் சாய்வு 1.9 நிமிடம். கவலையே வேண்டாம்.

ரிட்டர்ன் ரோலருக்கு வாருங்கள். 800 பெல்ட்டுக்கு அது 950 மி.மீ. நீளமுள்ள ஒற்றை ரோலர். பெல்ட் 3 மீட்டருக்கு 30 கிலோ, 294 நியூட்டன், 1.3 மடங்கு வைத்தால் 382. குழாய் எடை 12 கிலோ, 118 நியூட்டன். மொத்தம் 500, ஒரு பேரிங்குக்கு அதே 250! வெறும் பெல்ட்டைத் தாங்குகிற ரோலர்தானே என்று நாம் அலட்சியமாக விடுவது, கல் சுமக்கும் ரோலர் அளவுக்கே பேரிங்கில் சுமை வைத்திருக்கிறது. பேரிங் இடைவெளியோ 910. சாய்வு 6 நிமிடம். ஸ்டாண்ட் செய்தவர் கொஞ்சம் தள்ளி வெல்டு வைத்து அந்த 25 மி.மீ. 40 ஆகிவிட்டால் 9.7 நிமிடம், எல்லையில் வந்து நிற்கும். 25 மி.மீ. ஷாஃப்ட் போட்டால் அதே மோசமான ஸ்டாண்டிலும் 4 நிமிடம்தான். ஐந்து மி.மீ. தடிமன் கூட்டினதற்கு ஷாஃப்ட் 2.4 மடங்கு விறைப்பாகிறது, நான்காம் அடுக்கின் பலன்.

அதனால் என் பழக்கம் இது: 800 வரை கேரியிங்குக்கு 6204, ரிட்டர்னுக்கு 6205. கடைக்காரர் இதைத் தலைகீழாகத்தான் தருவார், கேட்டு வாங்குங்கள்.

செட்டுகளை 1.5 மீட்டருக்கு ஒன்று வைத்துக் காசு மிச்சம் பிடிக்கலாமா?

பெல்ட் இழுவிசை போதுமானால் பிடிக்கலாம். இரண்டு செட்டுக்கு நடுவே பெல்ட் தொய்வது, இடைவெளியில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தேவையான இழுவிசை என்பது செட் சுமை ÷ (8 × 0.02). 1.2 மீட்டரில் 526 ÷ 0.16, சுமார் 3,290 நியூட்டன். 1.5 மீட்டரில் செட் சுமை 658 ஆகிறது, அப்போ 4,110. பார்க்க வேண்டியது கீழ்முனையில், டெயில் டிரம் பக்கம், ஏனென்றால் அங்கேதான் இழுவிசை குறைவு. பத்தாவிட்டால் பெல்ட் ஒவ்வொரு செட்டிலும் குழிந்து ஏறும், கல் துள்ளும், ஓரத்தில் சிந்தும், சிந்தியது ரிட்டர்னில் விழும். மேலே போகப் போக இழுவிசை கூடுவதால் மேல் பாதியில் மட்டும் இடைவெளியைக் கூட்டுவது தப்பில்லை.

கல் விழுகிற இடத்தில் ரோலர் நசுங்குகிறது. தடிமனான குழாய் போடட்டுமா?

வேண்டாம், ரப்பர் வளையம் போட்டது வாங்குங்கள். 10 கிலோ கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் ஆற்றல் 98 ஜூல். அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில்தான் அடியின் பலம் இருக்கிறது. வெறும் இரும்பு ரோலர் மேல் 5 மி.மீ.க்குள் நின்றால் சராசரி விசை 19,600 நியூட்டன். ரப்பர் அமுங்கி 20 மி.மீ.யில் நிறுத்தினால் 4,900. நாலில் ஒரு பங்கு! குழாயைத் தடிமனாக்கினால் விறைப்புதான் கூடும், அடி இன்னும் பலமாக ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் போகும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை, ரப்பர் அடியை வாங்கிக்கொள்ளும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். விழும் இடத்தில் செட் இடைவெளியையும் 300 முதல் 400 மி.மீ. ஆக்குங்கள். கல்லைப் பெல்ட்டில் இறக்கிவிடும் சரிவுப்பெட்டியில் ஒரு படி வைத்துத் தூளை முதலில் விழவிட்டுக் கல்லை அதன்மேல் விழச் செய்ய முடிந்தால் பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

ஒரே ஒரு ஸ்டாண்டில் மட்டும் திரும்பத் திரும்பப் பேரிங் போகிறது, ஏன்?

நூல் பிடித்துப் பாருங்கள், அந்த ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டாண்டுகளைவிட உயரமாக இருக்கும். கூடுதல் சுமை = 2 × இழுவிசை × உயர வித்தியாசம் ÷ செட் இடைவெளி. நம் கன்வேயரில் மேல்முனை இழுவிசை 10,000 நியூட்டன் அளவுக்கு வரும். 10 மி.மீ. உயர்ந்திருந்தால் 2 × 10,000 × 0.01 ÷ 1.2 = 167 நியூட்டன், செட் சுமையில் மூன்றில் ஒரு பங்கு சும்மா ஏறி உட்கார்ந்திருக்கிறது. மழையில் அடித்தளம் இறங்கும்போது ஒரு கால் மட்டும் இறங்காமல் நின்றாலும் இதே கதைதான். நான் போன ஒரு யார்டில் ஒரு வருஷத்தில் அதே இடத்தில் நாலு முறை ரோலர் மாற்றியிருந்தார்கள். இரண்டு வாஷரை எடுத்து மட்டத்தைச் சரிசெய்ததும் அதோடு நின்றது.

கருமணலுக்கும் இதே கணக்குதானா?

கணக்கு அதேதான், எண் மாறும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் எல்லாம் இருக்கிறது. உடைத்த ஜல்லி கனமீட்டருக்கு 1.6 டன் என்றால் இல்மனைட் 2.3 முதல் 2.5 டன் வரும். பெல்ட்டில் அதே உயரத்துக்குக் குவிந்தாலும் ஒன்றரை மடங்கு எடை. கண்ணால் பார்த்து "ஜல்லிக் கன்வேயர் மாதிரிதான் நிரம்புகிறது" என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கார்னெட் கடினமான பொடி, அது சீலுக்குள் போனால் சாணைக்கல் வேலை பார்க்கும். கூடவே உப்பு ஈரமும் உண்டு.

ரோலர் சிக்கினால் கரண்ட் பில் ஏறுமே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

இந்த மாதிரி ஏற்றமான கன்வேயரில் முடியாது. கல்லை 15 மீட்டர் தூக்க மட்டும் 34.7 × 9.81 × 15, அதாவது 5,100 நியூட்டன், வேகத்தால் பெருக்கினால் 8.2 கிலோவாட். 60 மீட்டர் நீளத்துக்கு ரோலரும் பெல்ட்டும் தருகிற உராய்வு, 0.02 என்ற வழக்கமான உராய்வு எண்ணுக்கு, 840 நியூட்டன்தான், 1.3 கிலோவாட். பராமரிப்பு மோசமாகி 0.03 ஆனாலும் முக்கால் கிலோவாட்டுக்குக் குறைவாகத்தான் கூடும். மோட்டார் ஆம்பியரில் அது தெரியவே தெரியாது. ஆனால் சிக்கின ரோலர் மேல் பெல்ட் உரசி உரசிக் குழாய் தேய்ந்து கத்தி முனை ஆகிவிடும். அப்படி ஒரு ரிட்டர்ன் ரோலர் பெல்ட்டை நீளவாக்கில் 20 மீட்டர் கிழித்ததைக் கண்ணால் பார்த்தேன். மீட்டரை நம்பாதீர்கள், வாரம் ஒரு முறை கன்வேயர் ஓரமாக நடந்து எது சுற்றவில்லை, எது கத்துகிறது என்று சுண்ணாம்பில் குறியிடுங்கள். தூரத்திலிருந்து சூடு காட்டும் கருவி இருந்தால் ரொம்ப நல்லது. ஓடுகிற பெல்ட்டில் கை மட்டும் வைக்காதீர்கள், மாற்றுவது மெயின் ஸ்விட்சைப் பூட்டிய பிறகுதான்.

மழைக்காலத்தில் மட்டும் பெல்ட் ஒரு பக்கம் ஓடுகிறது?

நனைந்த எம்-சாண்ட் தூள் ரிட்டர்ன் ரோலரில் அப்பிக்கொள்ளும். ஒரு முனையில் அதிகம் அப்பினால் ரோலர் கூம்பு மாதிரி ஆகிவிடும், பெல்ட் விலகும். மேல்முனையில் உள்ள தலை டிரம்மில், பெல்ட்டில் ஒட்டியதைச் சுரண்டிவிடும் ஸ்கிராப்பரைச் சரியாக வையுங்கள், முதல் நாலைந்து ரிட்டர்ன் ரோலரை ரப்பர் வட்டுகள் கோத்த வகையாக மாற்றுங்கள். ஐட்லரைச் சாய்த்துச் சாய்த்துப் பெல்ட்டை இழுக்கப் பார்ப்பது வெயில் வந்ததும் மறுபக்கம் ஓடுவதில் முடியும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் என்றால் காற்றையும் பாருங்கள். அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? காலிப் பெல்ட்டைக் கணவாய்க் காற்று ஒரு பக்கமாகத் தூக்கிவிடும், அதை ரோலர் கோளாறு என்று நினைத்து ரோலரை மாற்றியவர்கள் உண்டு. அங்கே மூடியும், பெல்ட் மேலே எழும்பாமல் தடுக்கும் வளையமும் தேவை.

இதற்கு நம் நாட்டில் தரநிலை இருக்கிறதா?

இருக்கிறது. ஐட்லருக்கு ஐ.எஸ். 8598, குழாய்க்கு ஐ.எஸ். 9295, கன்வேயர் முழுவதையும் வடிவமைக்க ஐ.எஸ். 11592. ஆர்டரில் முதல் இரண்டு எண்ணையாவது எழுதுங்கள்.

பழைய ரோலரில் பேரிங் மட்டும் மாற்றி ஓட்டலாமா?

முதலில் குழாயின் தடிமனை அளந்து பாருங்கள். 4 மி.மீ. குழாய் எங்காவது 2-க்கு இறங்கியிருந்தால் இரும்புக் கடைக்குத்தான். அடுத்தது பேரிங் உட்காரும் வீடு. புதுப் பேரிங்கைக் கையால் தள்ளினாலே உள்ளே போகிறது என்றால் வீடு தேய்ந்துவிட்டது, பஞ்ச் அடித்து இறுக்கிப் பயன் இல்லை, பேரிங் கோணலாக உட்காரும். இது இரண்டும் சரியாக இருந்து, ஷாஃப்ட்டை லேத்தில் சுற்றி நேராக இருப்பதையும் பார்த்துவிட்டால் தாராளமாக மாற்றலாம். சீலையும் புதிதாகப் போடுங்கள், பழைய சீலோடு புதுப் பேரிங் போட்டால் அடுத்த மழையில் மறுபடி என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.